அரை வாளித் தண்ணீரில் கறுப்புக் காரைக் கீறாமல் கழுவுவது எப்படி?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இரண்டாம் மாடி ஃபிளாட். கீழே வெளிக்குழாய் கிடையாது, வீட்டுக் குழாயிலும் அடிக்கடி தண்ணீர் நின்றுவிடும். கார் கறுப்பு நிற போலோ. வேலை டொங்காட் பக்கம். கரும்பு எரிக்கும் மாதங்களில் காரெல்லாம் சாம்பல். தண்ணீரே இல்லாமல் துடைக்கும் ஸ்ப்ரே ஒன்று வாங்கி மூன்று வாரம் துடைத்தேன். இப்போது வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரிக் கீறல். ஸ்ப்ரே மோசமா, இந்த முறையே மோசமா?

பதில்:

முறை மோசமில்லை, ஸ்ப்ரேயும் அநேகமாக மோசமில்லை. ஒன்றிரண்டு துணியை வைத்துக்கொண்டு கார் முழுக்கத் துடைத்திருப்பீர்கள். அதுவும் சாம்பல் கிடந்த கார். கீறல் அங்கிருந்துதான் வந்திருக்கும். கடையில் பாட்டிலைப் பற்றி மணிக்கணக்கில் சொல்வார்கள், துணி எத்தனை வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள். அதனால் துணியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஹோஸ் பிடித்துக் கழுவும்போது தண்ணீர் மூன்று வேலை பார்க்கிறது. காய்ந்து ஒட்டிய அழுக்கை ஊறவைக்கிறது. மண் துகளுக்கும் பெயிண்டுக்கும் நடுவே புகுந்து வழுக்க வைக்கிறது. கடைசியில் அந்த மண்ணை அடித்துத் தரைக்குக் கொண்டுபோய்விடுகிறது. வாட்டர்லெஸ் ஸ்ப்ரேயில் உள்ள சோப்பு, பாலிமர், மெழுகு எல்லாம் சேர்ந்து முதல் இரண்டு வேலையை ஒழுங்காகவே செய்துவிடும். மூன்றாவது வேலைக்கு அதில் ஆளில்லை. மண்ணைக் காரை விட்டு வெளியே எடுத்துப் போவது துணி ஒன்றுதான். துணி நிறைந்துவிட்டால் மண்ணுக்குப் போக வேறு இடமில்லை; அது துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவிலேயே உருள ஆரம்பிக்கும்.

உருண்டால் என்ன ஆகும்? காரின் பளபளப்பு முழுக்க மேலே உள்ள கிளியர் கோட் என்ற நிறமற்ற அடுக்கில்தான் இருக்கிறது. தொழிற்சாலைப் பெயிண்டில் அதன் தடிமன் ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான், தலைமுடியை விட மெல்லியது. சாதாரண மணலில் இருக்கும் குவார்ட்ஸோ எஃகுக் கத்தியைக்கூடக் கீறிவிடும். வெள்ளை, சில்வர் கார்களிலும் இதே கீறல்கள் விழுகின்றன, கண்ணுக்குத் தெரிவதில்லை. உங்கள் கார் கறுப்பு, அதனால் எல்லாம் தெரிகிறது.

இந்த முறையைக் கைவிட வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தோட்டத்து ஹோஸில் நிமிடத்துக்கு 15 லிட்டர் போகும். பத்து நிமிடம் திறந்தால் 150 லிட்டர். கேப் டவுன் வறட்சியில் 2018 பிப்ரவரி 1 முதல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று கட்டுப்பாடு இருந்தது. குடிநீரில் கார் கழுவவே அப்போது அனுமதி இல்லை. குடிக்க உதவாத தண்ணீர், வாட்டர்லெஸ் பொருட்கள், நீராவி, இவற்றால் மட்டும்தான் கழுவலாம். ஒரு ஹோஸ் வாஷ் என்பது அந்தக் கணக்கில் ஒரு மனிதனின் மூன்று நாள் தண்ணீர். நம் பக்கத்துக் கதையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அந்த ஊரில் மாதக்கணக்கில் குழாய் வறண்டு கிடந்தது. ஜனங்கள் லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றார்கள். அப்படிப்பட்ட ஊரில் காருக்கு 150 லிட்டர் ஊற்றுவது நியாயமில்லை. ஊற்ற வேண்டிய அவசியமும் இல்லை, 5 லிட்டரில் கழுவும் வேலை முடியும்.

துடைக்கத் தொடங்குமுன் ஒரு சோதனை. காரைத் தொடாதீர்கள். நிழலில் நிறுத்தி, போனின் டார்ச்சைப் பானெட்டுக்கு அருகே சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். தூசிக்கு அடியில் பெயிண்டும் விளக்கின் பிம்பமும் தெளிவாகத் தெரிந்தால் அது ஒரு வாரத்துத் தூசி, வாட்டர்லெஸ் ஸ்ப்ரே போதும். நிறம் மங்கி, பிம்பம் கலங்கி, ஆனால் மேடு பள்ளமாக எதுவும் ஒட்டவில்லை என்றால் ஸ்ப்ரேயைத் தள்ளி வைத்துவிட்டுக் கீழே சொல்லும் அரை வாளி முறைக்குப் போங்கள். கட்டியாகச் சேறோ மணலோ தெரிந்தால் இரண்டுமே வேண்டாம். தைப்பூசக் காவடிக்குப் போய் மைதானத்தில் நிறுத்திய காரை நினைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி, பிப்ரவரி இங்கே மழைக்காலம். சக்கர வளைவிலும் கதவின் அடியிலும் சேறு அப்பியிருக்கும். அதைத் தண்ணீர் அடித்துத்தான் இறக்க வேண்டும். கார் முழுக்க அடிக்க வேண்டியதில்லை, இடுப்புக்குக் கீழ் மட்டும் அடித்தால் போதும். தண்ணீரை மறுசுழற்சி செய்யும் கார் வாஷ் பக்கத்தில் இருந்தால் அந்த ஒரு நாள் அங்கே விட்டுவிடுங்கள்.

இனி சாமான்கள். மைக்ரோஃபைபர் துணி 12 வாங்குங்கள், 40க்கு 40 சென்டிமீட்டர், 300 முதல் 400 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) எடை. கையில் எடுத்தால் ஒரு பக்கமாவது பூந்துவாலை போல இழைகள் எழும்பி நிற்க வேண்டும். மண் அந்த இழைகளின் இடைவெளிக்குள் போய் உட்காரும். பழைய பனியனும் மேல்துண்டும் தட்டையானவை. மண் உள்ளே போக வழியில்லாமல் மேலேயே நிற்கும், தேய்க்கத் தேய்க்கக் கீறும். துணியின் ஓரத்தில் தைத்திருக்கும் நைலான் லேபிளை முதல் நாளே பிரித்து எறியுங்கள், அதுவும் கீறும். அதோடு செடிக்கு மருந்தடிக்கும் 1 அல்லது 2 லிட்டர் கைப் பம்ப் ஒன்று, மூடி உள்ள 5 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று (சாதாரண வாளியில் பாதி), அலசத் தேவையில்லாத ரின்ஸ்லெஸ் வாஷ் திரவம் ஒன்று. வாட்டர்லெஸ் ஸ்ப்ரேயும் ரின்ஸ்லெஸ் திரவமும் ஒன்றில்லை, கவனியுங்கள். முன்னது அப்படியே அடிப்பது. பின்னது கெட்டியாக வரும், தண்ணீரில் மிகக் கொஞ்சமாகக் கலப்பது. உங்கள் நிலைமைக்கு நான் பின்னதைத்தான் சொல்வேன். ஒரு பாட்டில் பல மாதம் வரும். அதையே இன்னும் கெட்டியாகக் கலந்தால் வாட்டர்லெஸ் ஸ்ப்ரேயாகவும் வேலை செய்யும்.

அளவு பாட்டிலில் எழுதியிருக்கும், அதை மீறாதீர்கள். பரவலாக விற்கும் வகைகளில் வாளிக்கு ஒன்றுக்கு 256 என்பது வழக்கம், அதாவது 5 லிட்டருக்கு 20 மில்லி. அதே வகையை ஸ்ப்ரேயாக அடிக்க ஒன்றுக்கு 16, லிட்டருக்கு 60 மில்லி. வாளியில் தாராளமாக ஊற்றினால் கூடுதலாகச் சுத்தமாகாது. பிசுபிசுப்பும் கோடுகளும் மிஞ்சும், டர்பன் ஈரக் காற்றில் அது காயவும் காயாது. மருந்து அளக்கும் சிரிஞ்ச் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வரும் நாளில் கலந்து வாளியை இறுக்கி மூடி வைத்தால் ஓரிரு வாரம் கெடாமல் இருக்கும். அழுக்குத் துணி ஒரு தடவைகூட அதற்குள் போயிருக்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. இரண்டு மாடி இறக்குவதற்கு 5 கிலோ பாரமில்லை.

பாத்திரம் கழுவும் சன்லைட் திரவத்தை ஊற்றினால் என்ன என்று பலரும் கேட்பார்கள். அது எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் செய்தது. பெயிண்டில் மெழுகு ஏதும் இருந்தால் அதையும் சேர்த்து உரிக்கும். அதைவிடப் பெரிய குறை, அதை அலசித்தான் ஆக வேண்டும். அலசாமல் காயவிட்டால் படலம் படியும். அலசத் தண்ணீர் இருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்களே.

இப்போது அரை வாளி முறை. இதை நிதானமாகப் படியுங்கள், பாதிக் கீறல்கள் அவசரத்தில்தான் விழுகின்றன.

பன்னிரண்டில் எட்டுத் துணிகளைக் கலவை வாளிக்குள் போட்டு ஊறவிடுங்கள். கைப் பம்பில் வாளித் தண்ணீரிலேயே ஒரு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கார் நிழலில் நிற்க வேண்டும், பானெட்டில் புறங்கையை வைத்தால் சூடு தெரியக் கூடாது. கறுப்பு பானெட் கோடை வெயிலில் 60 டிகிரியைத் தாண்டும். அதில் அடித்தது அடித்த இடத்திலேயே காய்ந்து கறையாகும். காலை ஏழு மணிக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழே வாருங்கள்: கூரை, கண்ணாடிகள், பானெட், கதவுகளின் மேற்பாதி, பின்பக்கம், கதவுகளின் கீழ்ப்பாதி, பம்பர்கள், கடைசியில் சக்கரம். ஒரு நேரத்தில் ஒரு பகுதிதான். அந்தப் பகுதியில் பம்பால் அடித்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். சொட்டுச் சொட்டாக அழுக்கு கீழே இறங்குவது தெரியும். தொடுவதற்கு முன்பே கழன்ற மண் அது.

வாளியிலிருந்து ஒரு துணியை எடுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், ஒழுகாத அளவுக்கு லேசாக அழுத்தினால் போதும், துணி கனமாகவே இருக்கட்டும். இரண்டாக மடித்து மறுபடி இரண்டாக மடித்தால் உள்ளங்கை அகலத்தில் எட்டுச் சுத்தமான பக்கங்கள் கிடைக்கும். ஒரு பக்கத்தைப் பெயிண்டில் வைத்து, துணியின் எடையைத் தவிர வேறு அழுத்தம் தராமல், நேர்கோட்டில் ஓர் இழுப்பு. இழுப்பின் முடிவில் துணியை மேல்நோக்கிச் சுருட்டித் தூக்கிவிடுங்கள். திரும்பி அதே இடத்துக்கு வராதீர்கள். பக்கத்துக் கோட்டில் இன்னொரு இழுப்பு. பிறகு துணியைத் திருப்பி அடுத்த பக்கம். போலோவின் பானெட்டை இடமிருந்து வலமாக நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு கால் பாகத்துக்கும் இரண்டு பக்கங்கள் வரும், ஒரு துணியில் பானெட் முடிந்துவிடும். எட்டுப் பக்கமும் முடிந்த துணி திரும்ப வாளிக்குள் போகக் கூடாது. தனியாக ஒரு பையில் போடுங்கள். அந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தால் கடைசித் துணியை எடுக்கும்போதும் வாளித் தண்ணீர் தெளிவாக இருக்கும். கலங்கியிருந்தால் எங்கேயோ தவறியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

வட்டமாகத் தேய்க்க வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள், காரணம் சொல்வது குறைவு. எந்த முறையிலும் மிக நுண்ணிய கீறல் ஒன்றிரண்டு விழத்தான் செய்யும். நேர்கோட்டுக் கீறல் ஒரு கோணத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். வட்டக் கீறல் எந்தப் பக்கம் வெயில் விழுந்தாலும் மின்னும், நீங்கள் பார்த்த சிலந்தி வலை அதுதான்.

துடைத்த பகுதி காய்வதற்குள் உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். இதற்கு இரண்டு துணிகளை முன்பே ஒதுக்கி வையுங்கள். மொத்தமாக எட்டு துடைக்க, இரண்டு உலர்த்த, இரண்டு சக்கரத்துக்கு: பன்னிரண்டு. சக்கரத்துக்குப் போன துணி ஆயுள் முழுக்கச் சக்கரத்துக்குத்தான். பிரேக் பேடிலிருந்து உதிரும் இரும்புத் துகள் இழைக்குள் சிக்கினால் எத்தனை தரம் துவைத்தாலும் முழுதாகப் போகாது. மார்க்கர் பேனாவால் ஓரத்தில் ஓர் அடையாளம் போட்டுவிடுங்கள், வீட்டில் வேறு யாராவது துவைத்து மடித்தாலும் கலந்துபோகாது. ரிம் சூடாக இருக்கும்போது எதையும் அடிக்காதீர்கள்.

கணக்குப் பார்த்தால் வாளியில் 5 லிட்டர், துணி துவைக்கும்போது அதன் பங்குக்குச் சில லிட்டர். முதல் தடவை ஒன்றரை மணி நேரம் ஆகும், பழகிவிட்டால் 40 நிமிடம்.

கரும்புச் சாம்பலுக்கு வருகிறேன். 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்த நம் முன்னோர் வெட்டிய அதே கரும்பு. வெட்டுவதற்கு முன் தோகையை எரிப்பது நேட்டாலில் இன்றும் தொடர்கிறது. ஏறக்குறைய ஏப்ரலில் ஆலை ஓடத் தொடங்கி டிசம்பர் வரை, எரித்த அன்று காற்று உங்கள் பக்கம் திரும்பினால் கறுப்பு நூல் போலச் சுருண்ட இழைகள் காரில் வந்து உட்காரும். எடையே இருக்காது. விரலால் தொட்டால் பொடிந்து மை தடவியது போல இழுபடும். அந்த மென்மையைப் பார்த்து ஏமாறாதீர்கள். கரும்புத் தோகையில் சிலிக்கா நிறைய உண்டு, கரி எரிந்து போனாலும் சிலிக்கா சாம்பலில் அப்படியே இருக்கும். இன்னொரு பக்கம் சாம்பல் காரத்தன்மை உள்ளது. இரவுப் பனியில் நனைந்து காலை வெயிலில் காய்ந்தால் பெயிண்டில் வெளிர் வளையமாகப் பதியும். அதனால் சாம்பல் விழுந்த காரைப் பனி இறங்குமுன் கவனிப்பது நல்லது.

காய்ந்த சாம்பலை முதலில் காற்றால் போக்குங்கள். இலை ஊதும் பேட்டரி ஊதி யாரிடமாவது கிடைத்தால் அதுபோல் சுலபம் வேறில்லை. கிடைக்காவிட்டால் வேலை முடிந்து வரும் வழியில் நெடுஞ்சாலை வேகத்திலேயே பெரும்பகுதி பறந்துவிடும். மிஞ்சியது பானெட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவிலுள்ள கிரில்லில் ஒதுங்கும். அதைக் கையால் பொறுக்கி எடுங்கள், இல்லாவிட்டால் காருக்குள் வரும் காற்றின் ஃபில்டரை அடைத்துவிடும். வைப்பரை உலர்வாக ஓடவிடவே கூடாது. கண்ணாடியில் வளைவாக ஒரு கீறல் விழுந்தால் அது நிரந்தரம். காற்றுக்குப் போகாமல் ஒட்டியிருப்பதன் மேல், வாளி அளவை விடக் கெட்டியான ஸ்ப்ரே கலவையைத் தாராளமாக அடித்து இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். காய ஆரம்பித்தால் மறுபடி அடியுங்கள். பிறகு ஊறிய துணியை விரித்து அப்படியே மேலே படரவிட்டு, இழுக்காமல் நேராகத் தூக்குங்கள். கறுப்பு துணியோடு வந்துவிடும். அதற்குப் பிறகுதான் முன்பு சொன்ன இழுப்பு. இறகுத் துடைப்பத்தால் தட்டுவதும், காலைப் பனியின் ஈரம் இருக்கிறதே என்று அதையே தண்ணீராக வைத்துத் துடைப்பதும் நம் தெருக்களில் தினம் நடக்கிறது. பனி நனைக்கும், ஆனால் வழுக்க வைக்காது. உங்கள் கீறலில் ஒரு பங்கு அதனாலும் வந்திருக்கலாம்.

வாட்டர்லெஸ் ஸ்ப்ரே பாட்டிலைத் தூக்கி எறிய வேண்டாம். அரை வாளி வாஷுக்கு நடுவே, சாம்பலில்லாத வாரங்களில் லேசான தூசிக்கு அது நல்லது. ஒரு சின்னக் காருக்கு 200 முதல் 300 மில்லி அடிக்க வேண்டும். பலரும் மிச்சம் பிடிப்பது இங்கேதான். இரண்டு பீச்சு அடித்துக் கதவு முழுக்கத் துடைத்தால் அது உலர்ந்த தேய்ப்புதான். பரப்பு முழுக்க ஈரம் பளபளக்க வேண்டும். அரை நிமிடம் கழித்து அதே இழுப்பு, அதே எட்டுப் பக்கம், பிறகு உலர்ந்த துணி. கோடு கோடாகத் தெரிந்தால் திரவத்தை மேலும் அடிக்காதீர்கள். வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு தடவை, உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைத்தால் போய்விடும். பிப்ரவரி ஈரக் காற்றில் இது அதிகம் வரும். ஜோகன்னஸ்பர்க்கில் உறவினர் இருந்தால் அவர்களுக்கு நேர்மாறான தொல்லை: அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று வறண்டது, அடித்த வேகத்தில் காயும், அதனால் பாதிக் கதவு பாதிக் கதவாக அடிக்க வேண்டும். லெனேசியா, சொவேட்டோ பக்கம் ஆகஸ்ட் காற்றில் பறந்து வரும் மஞ்சள் தூசி பழைய தங்கச் சுரங்கக் குவியல்களிலிருந்து வருவது. பாறையை அரைத்த குவார்ட்ஸ் பொடி அது. அந்த நாட்களில் வாட்டர்லெஸ் ஸ்ப்ரே அங்கே கூடவே கூடாது, வாளி முறைதான்.

பறவை எச்சம். ஹடீடாப் பறவைகள் கூட்டமாக உட்காரும் மரத்தடியில் நிறுத்தினால் ஒரு கைப்பிடி அளவு விழும். அதில் யூரிக் அமிலமும் விதை, மணல் துணுக்குகளும் உண்டு. வெயிலில் சூடாகி இளகிய கிளியர் கோட்டில் அரை நாளில் தடம் பதித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வாஷ் வரை வைக்காதீர்கள். காரில் ஒரு சின்ன ஸ்ப்ரே பாட்டிலும் இரண்டு துணியும் எப்போதும் இருக்கட்டும். அடித்து, நனைந்த துணியை மேலே போட்டு ஐந்து நிமிடம் விட்டு, கிள்ளி எடுப்பது போல எடுங்கள். அந்தத் துணி அதோடு சரி, வேறு இடத்தில் தொடக் கூடாது.

சந்தனமும் குங்குமமும் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஆனால் நம் கார்களில் அதுதான் அடிக்கடி நடப்பது. புதுக் கார் பூஜையிலும் சரஸ்வதி பூஜையிலும் பானெட்டில் வைக்கும் சந்தனம் காய்ந்ததும் பொடிப்பொடியாக உதிரும். அதைத் தேய்த்தால் உப்புத்தாள் போட்டது போல. குங்குமத்தின் சாயம் பெயிண்டில் சீக்கிரம் ஏறாது, ஆனால் கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களிலும் ரப்பரிலும் ஏறிவிடும். பொட்டை நம்பர் பிளேட்டிலோ கண்ணாடி மூலையிலோ வைத்தால் சுவாமிக்கும் குறையில்லை, பெயிண்டுக்கும் குறையில்லை. பானெட்டிலேயே வைத்தாகிவிட்டது என்றால் இரண்டொரு நாளில் நன்றாக ஊறவைத்து ஒற்றி எடுங்கள். மஞ்சள் கறை மட்டும் மிஞ்சினால் கவலைப்படாதீர்கள், மஞ்சளின் நிறம் வெயிலில் தானாகவே வெளிறும்.

தார்ப் புள்ளிகளுக்கு வெள்ளை ஸ்பிரிட் சில சொட்டுகளைத் துணியில் விட்டு அந்தப் புள்ளியில் மட்டும் வைத்து எடுங்கள், பிறகு வாளிக் கலவையால் அந்த இடத்தைத் துடைத்துவிடுங்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்த பாகத்தில் இதைச் செய்யாதீர்கள். பாரஃபின் (மண்ணெண்ணெய்) வேண்டாம், எண்ணெய்ப் படலம் விடும், ரப்பரையும் கெடுக்கும்.

கடல் உப்பில்தான் இந்த முறையின் எல்லை தெரியும். பெயிண்டின் மேல் படியும் உப்பு சுலபமாகக் கரைந்து துணியோடு வந்துவிடும். காரின் அடிப்பாகத்துக்கு எந்தத் துணியும் போகாது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரம் இழுத்துக் கரையும். டர்பனில் பல இரவுகள் அப்படித்தான். அப்போது இரும்பின் மேல் உப்புத் தண்ணீர் இரவெல்லாம் நிற்கிறது. வார இறுதியில் நார்த் பீச், உம்ஷ்லாங்கா என்று நிறுத்துபவர்கள் மாதம் ஒரு தடவையாவது அடிப்பாகத்துக்கும் சக்கர வளைவுகளுக்கும் நல்ல தண்ணீர் காட்ட வேண்டும். கைப் பம்பில் ஒரு வளைவுக்கு ஒரு லிட்டர், மொத்தம் நான்கு லிட்டர் அடித்தாலே நிறைய உப்பு இறங்கும். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

அந்தத் தண்ணீருக்குக் குழாயை நம்ப வேண்டியதில்லை. உறவினர் வீட்டில் மழைநீர் பிடிக்கும் ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டி இருந்தால் இரண்டு 5 லிட்டர் பாட்டிலில் பிடித்து வையுங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் கூரை ஒரு 10 மில்லிமீட்டர் மழையில் 500 லிட்டர் தரும். மழைநீரில் உப்புகள் மிகக் குறைவு, கறுப்புக் காரில் வெள்ளைப் புள்ளி விடாது. போர்வெல் தண்ணீர் இதற்கு நேரெதிர்: கடினமாகவோ இரும்போடோ இருந்தால் புள்ளி விடும், சக்கரத்துக்கும் அடிப்பாகத்துக்கும் மட்டும் வையுங்கள். வாஷிங் மெஷினிலிருந்து வரும் தண்ணீரில் சோப்பும் நூல்பிசிறும் இருக்கும், பெயிண்டில் படக் கூடாது.

துணியைத் துவைப்பதில் மூன்று விதிகள். பருத்தித் துணியோடு சேர்த்துப் போடாதீர்கள், பிசிறு முழுக்க ஒட்டிக்கொள்ளும். ஸ்டா-சாஃப்ட் போன்ற மென்மையாக்கி ஒரு சொட்டும் கூடாது. அது இழைகளின் மேல் பூசிக்கொண்டால் துணி தண்ணீரையும் பிடிக்காது, மண்ணையும் பிடிக்காது. 60 டிகிரிக்கு மேல் சூடும் வேண்டாம், சூட்டில் இழையின் நுனி இளகிக் கட்டியாகி அதுவே கீற ஆரம்பிக்கும். நிழலில் உலர்த்தி, மூடி உள்ள டப்பாவில் வையுங்கள். தரையில் விழுந்த துணியை, எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும், அன்று திரும்பக் காரில் வைக்கக் கூடாது.

ஏற்கெனவே விழுந்த கீறலுக்கு என்ன செய்வது? நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டாவிட்டால் அது கிளியர் கோட்டின் மேல்புறம்தான், மெஷின் பாலிஷில் போகும். ஆனால் ஒவ்வொரு பாலிஷும் அந்த 35, 50 மைக்ரானிலிருந்து கொஞ்சம் சீவித்தான் எடுக்கிறது, அதனால் வருஷா வருஷம் செய்யும் வேலை இல்லை. துடைக்கும் கை திருந்திய பிறகு ஒரே தடவை செய்யுங்கள், செய்த கையோடு நல்ல மெழுகோ சீலண்டோ போடுங்கள். அந்தப் பூச்சு இருந்தால் சாம்பலும் தூசியும் இறுக ஒட்டாது, அடுத்த வாஷில் பம்ப் அடிக்கும்போதே பாதி கழன்று வரும். சாம்பல் காலம் முடிந்து, டிசம்பர் கடைசியில் ஆலைகள் நின்ற பிறகு அந்த வேலைக்கு நாள் குறியுங்கள்.